டிஸ்க் வாங்கப் போன காது

என் வலது காதால் நான் இரும்பின் தடிமனை அளந்தேன். ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. அதன் பலனாக முப்பத்தொரு வயதான ஒரு டொயோட்டா கொரோலா, ஐந்து பேரையும் நான்கு மூட்டை உருளைக்கிழங்கையும் சுமந்துகொண்டு, லா கும்ப்ரே உச்சியிலிருந்து உந்துவாவி வரைக்கும் ஆயிரத்தைந்நூறு மீட்டர் இறங்கியது. முன் சீட்டில் இருந்தவர் கையில் விளிம்பு வரை ஆபிக் கூழ் நிரம்பிய கண்ணாடி டம்ளர். ஒரு சொட்டு சிந்தவில்லை.

நீங்கள் நம்ப வேண்டியதில்லை. என் மனைவியே நம்பவில்லை. "நாப்பத்தொரு வருஷம் பேண்டுல தாளம் தட்டின காது. நான் கூப்பிட்டா கேக்காது. இரும்பு கூப்பிட்டா மட்டும் கேக்குதாக்கும்" என்றாள். அதையும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆனால் தாளம் தட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பேண்டில் எண்பது பேர். நான் பித்தளைத் தாளத்தைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றி ஓர் அடி அடித்தால் இல்லிமானி மலையில் பனி சரியும். இரண்டு முறை சரிந்தது, நானே பார்த்தேன். பேண்டுக்குப் புதுத் தாளம் வாங்குவதும் என் வேலைதான். நூறு பித்தளைத் தட்டுகளைத் தட்டிப் பார்த்து, ஒன்றுக்கொன்று பொருந்துகிற இரண்டைப் பிரித்தெடுப்பேன். ஒன்று ஒரு முடி அளவு மெலிந்திருந்தாலும் ஜோடி சண்டை போடும். ஓய்வு பெற்ற பிறகு இந்த வித்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், வீட்டுப் பானைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கசில்தா வந்தாள்.

கசில்தா என் மகளுக்கு ஞானத்தாய். ஆகவே எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொம்பாத்ரே. அந்த உறவு இரத்த உறவைவிடக் கெட்டி. இருபது வருஷம் லா பாஸ் நகரத்துக்குள்ளே டாக்ஸி ஓட்டியவள். யுங்காஸ் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்குகிற வண்டிகளின் சங்கத்தில் ஒரே ஓர் இடம் காலியானதும், நகரத்து இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அதற்கு மனுப் போட்டாள். இருபத்தைந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு அங்கே ஓர் இறக்கப் பரீட்சை உண்டு. சனிக்கிழமை அவளுடைய முறை. தேறினால் வாழ்நாள் முழுக்கச் சங்கத்து வண்டி வரிசையில் அவளுக்கு ஓர் இடம். தேறாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவனுக்கு. பழைய இடமும் போய்விட்டது. அடுத்த காலியிடம் வர யாராவது சாக வேண்டும். எங்கள் ஓட்டுநர்கள் சாவதற்கு அவசரப்படுகிறவர்கள் இல்லை.

"பரீட்சை வைக்கிறது யாரு, கொமாத்ரே?"

"டான் இலாரியோன்."

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் ஐயாவுக்கு 'டான்', அம்மாவுக்கு 'டோன்யா'. இலாரியோன் அந்தச் சங்கத்தின் செயலாளர். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் தடிமன் அளக்கிற வெர்னியர் வைத்திருப்பவர். மழையில் நனைந்தபடி நிற்கும்போதும், பதிவேட்டில் ஏறாத வரை மழை பெய்கிறது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அவருடைய பரீட்சைதான் அந்த டம்ளர். ஊதாச் சோளத்தில் கூழ் மாதிரிக் கொதிக்கக் காய்ச்சிய ஆபியை விளிம்பு வரை ஊற்றிக்கொண்டு, வெளிர் நிறக் கால்சட்டை போட்டு, முன் சீட்டில் உட்காருவார். முன்பக்கம் சிந்தினால் அது ஓட்டுகிறவரின் கால் செய்த தப்பு, மன்னிப்பு உண்டு. வலது முழங்காலிலோ இடது முழங்காலிலோ சிந்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று அர்த்தம், மன்னிப்பே இல்லை. பதினைந்து வருஷத்தில் எந்தக் கிழட்டு வண்டியும் தேறியதில்லை. அவர் மனைவி துணி துவைக்கும்போதே எந்த வண்டிக்கு எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவாள்.

கசில்தாவின் வண்டியில் முன் பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்து மெலிந்து கிடந்தன. அவள் ஒரு முறை வாங்கிப் பார்த்துவிட்டாள். எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் செய்திருந்தாள்: வண்டியின் காகிதத்தை நம்பியிருந்தாள். அந்தக் கார் ஜப்பானில் வலது பக்கம் ஸ்டியரிங்கோடு பிறந்தது. இங்கே வந்த பிறகு இடது பக்கத்துக்கு மாற்றினார்கள். மாற்றினவன் கையில் எந்தக் காரின் முன்பக்கம் கிடைத்ததோ அதைப் பொருத்திவிட்டான். காகிதத்தில் ஒரு கார், சக்கரத்தில் இன்னொரு கார். காகிதத்தைக் காட்டி வாங்கிய டிஸ்க் நடு ஓட்டையிலேயே நுழையவில்லை.

"இந்தத் தடவை காகிதம் வேணாம், பழைய டிஸ்கையே தூக்கிட்டுப் போறேன்" என்றாள். "நீங்க கூட வாங்க. ரெண்டும் ஒரே ஜோடியான்னு எனக்குத் தெரியணும். போன தடவ வாங்குனதுல ஒண்ணு மெலிசு, அப்படி இருந்தா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். இந்த ஊர்ல தேஞ்ச டிஸ்க லேத்துல கடைஞ்சு, பெயிண்ட் அடிச்சு, புதுசுன்னு விக்கிறவங்க இருக்காங்க."

வியாழக்கிழமை காலை எல் ஆல்டோ சந்தைக்குக் கிளம்பினோம். கசில்தா பழைய டிஸ்கைப் பிள்ளை கட்டுகிற வண்ணத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டாள். கேபிள் காரில் ஒரு பெரியவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஆசையாகக் கழுத்தை நீட்டினாள்.

"எத்தன மாசம்?"

"முப்பத்தொரு வருஷம்" என்றாள் கசில்தா.

அம்மாள் துணியை விலக்கிப் பார்த்தாள். முகம் மாறவில்லை. "ரொம்பத் துருப்பிடிச்சுக் கெடக்கே. எண்ணெய் தேச்சு விடுங்க."

"எண்ணெய் மட்டும் ஆகாதும்மா. பிரேக் பிடிக்காது."

"அப்ப பால் குடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சந்தையில் கிடைக்காத பொருள் கிடையாது. விமான இறக்கையில் ஒரு பாதியை நான் அங்கே பார்த்திருக்கிறேன். மறு பாதியை அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். டிஸ்க் விற்கிற வரிசையில் டோன்யா நியேவெஸ் தார்ப்பாயில் டிஸ்குகளை ரொட்டி மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாடிக்கைக்காரர்களை அங்கே 'கசேரோ', 'கசேரிதா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாங்க கசேரோ, வாங்க கசேரிதா. என்ன வண்டி?"

"வண்டியக் கேக்காதீங்க, இதப் பாருங்க" என்று கசில்தா முதுகுப் பிள்ளையை இறக்கி வைத்தாள்.

அவள் பார்க்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய டிஸ்கின் மேல் புதியதைக் கவிழ்த்துக் குறுக்களவு சரிபார்த்தாள். நடு ஓட்டை, போல்ட் ஓட்டைகள், நடுவில் தொப்பி மாதிரிப் புடைத்த பகுதியின் உயரம், இரண்டு தட்டுகளுக்கு நடுவே காற்றுப் போகிற இடைவெளி எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாம் பொருந்தியது. விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் இருபது மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது. புதிதில் இருபத்திரண்டு இருக்க வேண்டும்.

"ஒரு ஜோடி எடுத்துக் குடுங்க."

நியேவெஸ் இரண்டை எடுத்து வைத்தாள். இரண்டும் கறுப்புப் பெயிண்டில் மினுமினுத்தன. நான் என் ஷூ கயிற்றை உருவினேன். போல்ட் ஓட்டையில் கோத்து ஒரு டிஸ்கைத் தொங்கவிட்டேன்.

"என்ன பண்றீங்க கசேரோ? தூக்குல போடவா?"

"அது என்ன சொல்லுதுன்னு கேக்கணும்."

பின்னால் நான்கு ஒலிபெருக்கிகளில் நான்கு வேறு பாட்டு. ஒருத்தன் எலி மருந்து விற்கிறான், ஒருத்தி பொரித்த பன்றி விற்கிறாள், இன்னொருத்தன் இயேசு வருகிறார் என்கிறான். "நாலு நொடி" என்று கையைத் தூக்கினேன். உங்களுக்குச் சொல்கிறேன், ஆறாயிரம் கடை கொண்ட அந்தச் சந்தை முழுவதும் நான்கு நொடி வாயை மூடியது. இயேசுவைக் கூப்பிட்டவனும் நிறுத்தினான். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். *டிங்ங்ங்* என்று சுத்தமாக நீண்டது. அடுத்ததைத் தட்டினேன். அதுவும் நீண்டது, ஆனால் அரை ஸ்வரத்துக்கும் கொஞ்சம் குறைவாகக் கீழே.

"இது மெலிசு. ஒரு மில்லிமீட்டர்."

நியேவெஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெயிண்ட் வாசனகூடப் போகல, மெலிசாம். பல்லு பாத்து கழுத வாங்குறவங்களப் பாத்திருக்கேன். தட்டிப் பாத்து இரும்பு வாங்குறவர இப்பத்தான் பாக்குறேன். நெத்தியில அடிபட்டுதா உங்க வீட்டுக்காரருக்கு?"

"வீட்டுக்காரர் இல்ல, கொம்பாத்ரே" என்றாள் கசில்தா. "அடி சின்ன வயசுலயே பட்டாச்சு. அளந்துதான் பாப்போமே."

பக்கத்துக் கடையில் வெர்னியர் விற்றார்கள். நியேவெஸே எழுந்து போய் ஒன்றை வாங்கிவந்தாள். முதலாவதை அளந்தாள், இருபத்திரண்டு. இரண்டாவதை அளந்தாள். வெர்னியரைத் துடைத்து மறுபடி அளந்தாள். இடம் மாற்றி மூன்றாம் முறை அளந்தாள். இருபத்தொன்று.

பாவம், அவள் ஏமாற்றுக்காரி இல்லை. யாரோ அவளுக்கு மூட்டையோடு விற்றிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு தார்ப்பாயில் இருந்த பத்தொன்பது டிஸ்கையும் என் பக்கம் தள்ளினாள். "தட்டுங்க. அத்தனையும் தட்டுங்க. எனக்கு வித்த அந்தப் பயல நான் பாத்துக்கறேன்."

தட்டினேன். நான்கு மெலிந்தவை வெளியே வந்தன. ஒன்றில் மயிரிழை விரிசல், தட்டியதும் மூக்கடைத்தவன் மாதிரிப் பேசியது. மீதியில் இரண்டு மட்டும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை போல ஒரே ஸ்வரம். அந்த இரண்டும்தான் கசில்தாவுக்கு. அதற்குள் மற்றக் கடைக்காரர்கள் தங்கள் டிஸ்குகளோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். அந்த வரிசை கேபிள் கார் நிலையம் வரை போனது. சிலர் பானையும் கொண்டுவந்திருந்தார்கள்.

டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட் வாங்கியது முழுக்கக் கசில்தாவின் வேலை.  நியேவெஸ் செராமிக் பேடை எடுத்துக் கொடுத்தாள். "சத்தமே வராது, தூசியே படியாது."

"எனக்கு சத்தம் வந்தாப் பரவால்ல. கொதிக்கிற சூட்டுல பிடிக்கணும். ஊருக்குள்ள ஓட்டுறவங்களுக்கு அதக் குடுங்க. இரும்புத்தூள் கலந்தது காட்டுங்க."

காட்டினாள். கசில்தா ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே பிடித்து, பேடுக்கும் பின்னாலிருக்கிற தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தாள். நகத்தால் கீறினாள். ஒன்றில் தூள் உதிர்ந்தது. "இது பிஸ்கோத்து, காபிக்கு ஆகும்" என்று திருப்பி வைத்தாள். நான்காவது பெட்டிதான் அவளுக்குப் பிடித்தது. பிரேக் ஆயிலும் சீல் உடைக்காதது ஒரு டப்பா.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டு முற்றத்தில் அவளே பொருத்தினாள். நான் போல்ட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கஷ்டமான வேலை அது. எல்லாம் முடிகிற நேரத்தில் அவள் அண்ணன் ஒரு பெட்டி பியரோடும் ஒரு பை வண்ணக் காகிதத் துண்டுகளோடும் வந்து சேர்ந்தான். வண்டிக்குப் புதுசாக எது வந்தாலும் பூமித்தாய்க்கு ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை. பாட்டிலைத் திறந்து நேரே சக்கரத்துக்குக் குனிந்தான். கசில்தா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் பாய்ந்து நின்றாள்.

"பியர் ஊத்தினா பிசுபிசுன்னு ஒட்டிக்கும்ணே. பேட் பாழாப் போகும்."

"ஊத்தாம மலை இறங்கப் போறியா? பூமித்தாய் சும்மா இருப்பாளா?"

இரண்டு பக்கமும் நியாயம். அண்ணன் தங்கை பேச்சு நின்றுவிடும் போலிருந்தது. புது டிஸ்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள், அதைத் துடைக்க வேறு வேண்டும். நான் வீட்டுக்கு ஓடிப்போய்ச் தண்ணீர் கலக்காத சாராய டப்பாவை எடுத்துவந்தேன். "பூமிக்கு இது பியரைவிடப் பிடிக்கும்" என்றேன். ஊற்றினோம். எண்ணெய் எல்லாம் கரைந்து மண்ணுக்குப் போனது. பூமித்தாய் குடித்தாள், டிஸ்க் கண்ணாடியாக மின்னியது. காகிதத் துண்டுகள் பானெட்டுக்கு. பியர் எங்களுக்கு. ஆனால் கசில்தா அதைத் தொடவில்லை. வண்டியை எடுத்துப்போய், வேகமெடுப்பதும் மெல்ல மிதிப்பதுமாக முப்பது முறை பேடைப் பழக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை காலை லா கும்ப்ரேயில் உதடு வெடிக்கிற குளிர். சாலையோர நாய்கள் ரொட்டிக்காக வரிசையாக உட்கார்ந்திருந்தன. பின் சீட்டில் நானும் சங்கத்துக்காரர்கள் இருவரும். அந்த இருவரும் பெரிய முரசு மாதிரி ஆட்கள், எனக்குக் கிடைத்தது ஒரு தொடை அகலம். பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள். இலாரியோன் டம்ளரோடு ஏறினார். கால்சட்டை கோதுமை நிறம், அன்றைக்குத்தான் இஸ்திரி போட்டது.

"டிஸ்க் யாரு அளந்தது?" என்று கேட்டார்.

"என் கொம்பாத்ரே. காதால" என்றாள் கசில்தா. சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. பெருமை.

இலாரியோன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "மூக்கால டயருக்குக் காத்து அடிச்சிட்டீங்களா, டான் டெமெத்ரியோ?"

"அதுக்கு உங்கள மாதிரி பெரிய மூக்கு வேணும், டான் இலாரியோன்."

"காது அளக்காது. வெர்னியர்தான் அளக்கும். நாலாவது கியர்லயே இறங்கணும், என்ஜின் உதவி கூடாது. நான் சொல்ற எடத்துல நிறுத்தணும். போலாம்."

முதல் வளைவில் "பிரேக்" என்றார். கசில்தா மிதித்தாள். ஆபி முன்பக்கம் ஒரு வளையம் எழும்பி, விளிம்பைத் தொட்டு, அடங்கியது. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது. ஒவ்வொரு முறையும் அவர் முதலில் இடது முழங்காலைப் பார்ப்பார், பிறகு வலது முழங்காலை. பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. பின் சீட்டில் ஒருவர் கிசுகிசுத்தார், "இதுக்கு முன்னாடி மூணாவது வளைவத் தாண்டின பழைய வண்டி கிடையாது." கசில்தாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. 

ஆறாவது வளைவுக்குக் கீழே மேகம். ஒரே வெள்ளை. கசில்தா வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். பேட் சூடான வாசனை லேசாக வந்தது. இலாரியோன் மூக்கை உயர்த்தினார். அந்த நொடியில் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு லாரியின் பின்பக்கம் முளைத்தது. விளக்கு இல்லாமல், சாலை நடுவில், நின்றபடி. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை.

யாரும் "பிரேக்" என்று சொல்லவில்லை. கசில்தா மிதித்தாள். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நேரத்தில் எனக்குக் கேட்டது ஒரு ஸ்வரம்தான். இரண்டு சக்கரமும் ஒரே குரலில் பாடின. வண்டி பாறைப் பக்கமும் திரும்பவில்லை, ஒன்றுமே இல்லாத பக்கமும் திரும்பவில்லை. கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் போய், லாரிக்குப் பின்னால் கையடக்கமான ஒரு சால்தெனியாப் பலகாரத்தின் நீளத்தில் நின்றது. நான் அதை ஒரு சால்தெனியா என்று சொல்கிறேன். கசில்தா இரண்டு மீட்டர் என்கிறாள். உருளைக்கிழங்கு மூட்டை ஒன்று அவிழ்ந்து என் கழுத்துக்குப் பின்னால் உருண்டது. ஆபி எழும்பியது. டம்ளரின் விளிம்புக்கு மேலே ஒரு விரல் உயரம் நின்றது, ஆண்டவர் சாட்சியாக நின்றது. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உள்ளே இறங்கியது.

கசில்தா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.  "மிச்சம் எத்தன நிறுத்தம், டான் இலாரியோன்?" என்று கேட்டாள்.

அவர் முழங்கால் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு" என்றார்.

உந்துவாவியில் ஓட்டுநர்கள் வறுத்த மீன் கடைகளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். இலாரியோன் டம்ளரைப் பானெட் மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றச் சொன்னார். கசில்தா கழற்றினாள். சூடான டிஸ்குகள் மேல் ஒவ்வொரு துளி தண்ணீர் விட்டார், இரண்டிலும் ஒரே மாதிரி சுர்ரென்றது. ஆறியதும் அளந்தார். இடது பக்கம் இருபத்திரண்டு. வலது பக்கம் இருபத்திரண்டு. மறுபடி இடது பக்கத்துக்குப் போனார்.

நான் இதற்குள் மீன் கடையில் பதினேழு பேரிடம் கதையைச் சொல்லி முடித்திருந்தேன். யாரும் நம்பவில்லை. "காதால அளந்தாராம், கூழ் சிந்தலயாம், லாரி கண்டதும் கார் கும்பிட்டு நின்னுதாம்" என்று ஒருத்தன் மேசையில் தட்டிச் சிரித்தான். "டான் டெமெத்ரியோ, அந்தப் பனி சரிஞ்ச கதையச் சொல்லுங்க, அதாவது கொஞ்சம் நம்பற மாதிரி இருக்கும்."

இன்னொருத்தன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "செயலாளரக் கேப்போம். டான் இலாரியோன், இந்தக் கிழவர் சொல்றது நடந்துதா?"

இலாரியோன் பதிவேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றார். இஸ்திரி மடிப்பு குலையாத அவருடைய இரண்டு முழங்காலையும் கசில்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.  அவர் பேனா மூடியைக் கடித்தார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கசில்தாவின் பெயரைச் சங்கத்து வண்டி வரிசையில் கடைசியாகச் சேர்த்து எழுதி, அடியில் கோடிட்டார்.

"லாரிக்கும் காருக்கும் நடுவுல இருந்தது ரெண்டு மீட்டர். அதுல இவர் பொய் சொல்றாரு" என்றார். பிறகு ஆறிப்போன ஆபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டார். "மத்ததெல்லாம் நடந்தது. நான் உள்ளதான் இருந்தேன்."